பத்துக்கு ஒன்று கழிவு

எங்கள் கரையில் காற்றின் விலை அலகு ஒன்றுக்குப் பதினான்கு ரூபா இருபது சதம். இருபது வருடத்துக்கு அந்த விலை மாறாது என்று உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. வெங்காயத்துக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரே விலை சொல்ல முடியாத ஊரில் வளர்ந்தவன் நான். அந்த வரியை வாசித்தபோது, எழுதியவரை எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வாக்குமூலம் எழுதச் சுலபமாக இருக்கும். பெயர் சிவசுப்பிரமணியம். காணித் தரகர். அப்பா சுன்னாகத்தில் மொத்த வியாபாரி. அவருடைய தராசடியில் உட்கார்ந்துதான் உலகம் படித்தேன். தோட்டக்காரன் நூறு கிலோ கொண்டுவந்து இறக்கினால் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. பத்துக்கு ஒன்று கழிவு. அழுகல், மண், சருகு, ஈரம் என்று அதற்குக் காரணம் சொல்வோம். மூட்டைக்குள் உண்மையாகவே அழுகல் இருக்கிறதா என்று யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது கழிவு இல்லை, தகராறு.

அப்பா சொல்லித் தந்த இன்னொரு விசயமும் உண்டு. சரக்கை வாங்க வருகிறவன் கண்ணில் சேதம் படக் கூடாது. காயம் பட்டதை அடியில் தள்ளு, நேரானதை மேலே வை. இதை நான் மோசடி என்று நினைத்ததே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கம்பெனி கொழும்பிலிருந்து வந்தது. பணம் வேறெங்கோ இருந்து வந்தது. காற்று மட்டும் எங்களுடையது. வல்வெட்டித்துறைக்கு மேற்கே, பல வருடம் ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்து பிறகு விடுபட்ட கரையில் பன்னிரண்டு காற்றாலைகள் போடுவது திட்டம். அதற்குக் காணி சேர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஐயா, நீங்கள் எங்கள் ஊர்க் காணி உறுதி ஒன்றை முழுதாக வாசித்திருக்கிறீர்களா? நான்கு பரப்புக் காணிக்குப் பதினொரு பங்காளிகள் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஒருவர் எவரோடும் கதைப்பதில்லை. மிச்சப் பேர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்துகொண்டு, தாங்கள் விற்கவும் மாட்டார்கள், அடுத்த பங்காளி விற்றால் எனக்கல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தேசவழமைச் சட்டத்தைத் தூக்குவார்கள். முப்பது வருடம் அந்த மண்ணில் கால் வைக்காதவர்களுக்கு, காற்றுக்கு விலை வந்ததும் மண் மணக்கத் தொடங்கிவிட்டது. அவர்களுடைய ஒப்பம் எல்லாம் வாங்கினேன். அவர்களுக்குப் பதிலாக இங்கே ஒப்பம் வைக்க அற்றோணித் தத்துவம் எழுதுவித்து, தூதரக முத்திரை குத்துவித்து, கோபக்காரர்களைத் தொலைபேசியில் சேர்த்து அழவைத்து வாங்கினேன்.

வாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. அது கனடாவில் இல்லை. கரையிலேயே, வீட்டுத்திட்ட வீட்டில் இருந்தது.

அவள் பெயர் பெர்னடெட். அந்தக் கரை அடைபட்ட காலத்தில் குருநகருக்கு இடம்பெயர்ந்து, விட்டதும் திரும்பி வந்து, தாய் தந்த சீதனக் காணியில் குடியிருப்பவள். வலை தைத்துச் சீவிக்கிறாள். அவளுடைய காணி வரிசைக்கு நடுவில். நான்காவது காற்றாலையும், அதற்கு அப்பாலுள்ள எட்டுக்கும் போகிற பாதையும் கேபிளும் அதற்குள்ளால்தான். அவள் இல்லாமல் பன்னிரண்டும் இல்லை. புருசன் லியோன், கடல் தொழில். இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள் சைக்கிளில் மீன் விற்கப் போனவன் திரும்பி வரவில்லை. மறித்ததைக் கண்டோம் என்று சொல்ல ஆள் இருந்தது. மறித்தது யார் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு அடைக்கலநாதன் எனக்கு விளக்கினார். தேசவழமைப்படி கட்டின பெண் தன்னுடைய சீதனக் காணியைக்கூடப் புருசனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. புருசன் காணாமல் போயிருந்தால் கோட்டுக்குப் போய் அனுமதி எடுக்கலாம். அதற்கு இரண்டு வருடம். காணாமல் போனவர் என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது, அவள் அதை எடுத்து வைத்திருந்தாள், ஆனால் கடன் தருகிற வங்கியின் சட்டத்தரணிக்கு அது போதவில்லை. அடைக்கலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார், “வங்கிக்கு உயிரோடை இருக்கிற புருசன் வேணும், இல்லாட்டில் செத்த புருசன் வேணும். இல்லாத புருசனை வைச்சு அவை கடன் குடுக்கமாட்டினம்.” நல்ல மனிதர். இதற்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது, எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கேட்டால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம். ஒரு சத்தியக்கடதாசி, ஒரு ஒப்பம், அவ்வளவுதான். அதைத்தான் நான் எட்டு மாதமாகக் கேட்டுப் போனேன்.

அவள் என்னைத் துரத்தவில்லை. கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, வலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கதைத்தாள். “காணியை எடுங்கோ அண்ணை. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. காத்தாடி சுத்தட்டும். ஆனால் அவர் செத்திட்டார் எண்டு நான் ஒப்பம் வைக்கமாட்டன். அவர் எங்கையாவது இருந்தால், நான் வைக்கிற அண்டைக்குத்தான் சாவார்.”

குத்தகையை இரட்டித்தேன். பிறகு அதையும் இரட்டித்தேன். எந்த வியாபாரிக்கும் தெரியும், விலை ஏறும்போது முகத்தில் ஒரு தசை அசையும். அவள் முகத்தில் அசையவில்லை. ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள், “உங்களுக்கும் மனிசி இருக்கிறா தானே அண்ணை? அவ செத்திட்டா எண்டு எழுதி ஒப்பம் வைச்சுத் தாங்கோ. நானும் உடனை வைக்கிறன்.” நியாயமான பேரம். அந்த நேரம் என் மனைவி வீட்டு முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

மிச்ச நேரமெல்லாம் லியோன் கதைதான். அவன் என்ன கறிக்கு என்ன மீன் கேட்பான், கோயில் பெருநாளில் எப்படிக் கொடி தூக்குவான். சோளகக் காற்று பிறக்கப்போவதை வானொலிக்கு முந்தி அவனுடைய இடது கால் சொல்லிவிடுமாம். அவன் காலைத் தடவினால் மற்றச் சம்மாட்டிமாரும் தோணியைக் கரையில் ஏற்றிவிடுவார்களாம். கம்பெனி காற்றை அளப்பதற்கு எண்பது மீற்றரில் கோபுரம் நட்டு, வெளிநாட்டுக்காரனுக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு வருடம் காத்திருந்தது. உன் புருசனைப் பிடித்திருந்தால் செலவு மிச்சம் என்று பகிடி விட்டேன். அவளும் சிரித்தாள். அடுத்த வாரமும் அதே கதையைச் சொன்னாள். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காது கொடுப்பது பேரத்தில் ஒரு செலவு. அந்தச் செலவை நான் ஒருபோதும் குறைத்ததில்லை.

இப்போது நீங்கள் கம்பெனியைப் பற்றிக் கேட்கப்போகிறீர்கள். கேட்கவில்லையா? கேட்டிருக்க வேண்டும்.

உடன்படிக்கையில் ஒரு திகதி இருந்தது. அதற்கு முந்தி முதலாவது அடித்தளம் போட்டு, வங்கிக் கடனும் கையெழுத்தாகியிருக்க வேண்டும். தவறினால் கட்டிய பிணைப்பணமும் போய், அனுமதியும் போய்விடும். அடித்தளத்தை அவர்கள் சொந்தக் காசில் தொடங்கலாம். கடனுக்கு பெர்னடெட்டின் ஒப்பம் வேண்டும். மனேஜர் தமிழ்ப் பொடியன்தான், கொழும்பில் பிறந்தவன், என்னை அங்கிள் என்று கூப்பிடுவான். “எனக்கு விவரம் வேணாம் அங்கிள். முடிவு மட்டும் சொல்லுங்க,” என்றான். அவனுடைய சட்டத்தரணிக்கும் விவரம் வேண்டாம். வங்கிக்கும் வேண்டாம். பங்காளிகளுக்குக் கணக்கில் காசு விழுந்தால் போதும். இத்தனை படித்த ஆட்களுக்கும் வேண்டாத விவரம் எல்லாம் ஒரு இடத்தில் போய்ச் சேரத்தானே வேண்டும். என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது இந்த மேசையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனி நேற்று விட்ட அறிக்கையில் என் பெயர் இல்லை. ‘மூன்றாம் தரப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். கம்பெனி முதலாளி மகளின் சாமத்திய வீட்டில் முதல் வரிசையில் உட்காரவைத்து எனக்குச் சோறு போட்டவர்கள். கோபமாகக் கதைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

அடித்தளக் கிடங்கு வெட்டியது பெர்னடெட்டின் காணிக்கு அடுத்த காணியில். நான்கு சகோதரங்களின் காணி, எல்லோரும் ரொறன்ரோ. வெட்டியவன் றஜிந்தன். சொந்தமாக ஒரு மண் வெட்டும் இயந்திரம் வைத்திருந்தான். மூன்றாம் நாள் காலை அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

நான் போய்ப் பார்த்தேன். “ஆட்டெலும்பு,” என்றேன்.

“உது ஆட்டெலும்பில்லை அண்ணை,” என்றான். “ஆடு சேட்டுப் போடாது. உதிலை பாருங்கோ, தெறி கிடக்குது.”

வெள்ளைத் தெறி. நான்கு துளை. நூல்கூட இருந்தது.

பொலிசுக்குச் சொல்லுவோம் என்றான். அவனுக்கு நடப்பைச் சொன்னேன். நீதவான் வருவார், மஞ்சள் நாடா கட்டுவார்கள், வைத்தியர் வருவார், கமெராக்காரர் வருவார்கள், தாய்மார் படத்தோடு வந்து கரையில் இருப்பார்கள். மூன்று வருடம் ஒருவனும் இதில் மண் அள்ளமாட்டான். கம்பெனி போகும். இதெல்லாவற்றையும் அவன் தலையைக் குனிந்து கேட்டான். பிறகு நான் ஒரு கேள்விதான் கேட்டேன். “இயந்திரத்துக்கு லீசிங் காசு கட்டுறது எத்தினையாம் திகதி?”

அவன் இயந்திரத்தில் ஏறி உள்ளே உட்கார்ந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காசு நீட்டினேன். வாங்கவில்லை. “நான் காணேல்லை அண்ணை. ஆனால் காசும் வாங்கேல்லை. ரெண்டையும் ஞாபகம் வைச்சிருங்கோ,” என்றான். வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மற்ற வேலையாட்களுக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டு நானே இறங்கினேன். இந்த வயதில், அந்த வெயிலில், ஓலைக் கடகத்தோடு. ஏழு தலை வந்தது. வெங்காயச் சாக்குகளில் கட்டிச் சின்ன லொறியில் போட்டு, சுன்னாகத்தில் அப்பாவின் பழைய சரக்குக் கிட்டங்கிக்குக் கொண்டுபோனேன். வழியில் மறித்த பொலிஸ்காரர் சாக்கைத் தட்டிப் பார்த்து வெங்காயம் இப்போது என்ன விலை என்று கேட்டார். சொன்னேன்.

லொறிக்குள் இருந்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. இரண்டு பேருக்குத் தேவை. ஒரு பக்கத்தில் சரக்கு கூடிப்போய் எங்கே போடுவது என்று தெரியவில்லை. மறுபக்கத்தில் ஒருத்தி பதினெட்டு வருடமாக அதே சரக்குக்குக் காத்திருக்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவனைத்தான் தரகர் என்பது.

அவளுக்கு மரணத்தை விற்கப் போனேன் என்று உங்கள் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. நான் அவளுக்குப் புருசனைக் கொடுக்கப் போனேன். அரசாங்கம் கொடுக்கவில்லை, ஆணைக்குழு கொடுக்கவில்லை, ஜெனீவா கொடுக்கவில்லை. எத்தனை மந்திரிமார் வந்து அவளுடைய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவன் ஒரு விரலெலும்பு கொடுத்தானா? நான் முழுதாகக் கொடுத்தேன்.

அதைச் செய்த விதத்தையும் பாருங்கள். சாக்கை விரித்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக வைத்தேன். ஒன்று பெண். ஒன்றின் பல்லெல்லாம் மிகச் சின்னது, அதை நான் அதிக நேரம் பார்க்கவில்லை. இரண்டுக்கு மண்டை உடைந்திருந்தது. ஒன்றின் இடது கீழ்க்காலில் ஒரு நீளத் தகடு, ஆணிகளோடு, துருவே இல்லாமல். ஒன்று கறையான் தின்றது. இவை எல்லாம் சேதம். சேதத்தை ஒரு மனைவியின் கையில் கொடுக்கலாமா? தள்ளினேன். மிஞ்சியது ஒருவர். உயரமானவர், ஒரு கீறல் இல்லாத, நேரான எலும்பு. கிணற்றுத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, புது வேட்டியில் சுற்றிப் பலகைப் பெட்டிக்குள் வைத்தேன். செபமாலை ஒன்று வாங்கி, பழையது போல வருவதற்காக மூன்று நாள் கடல் தண்ணீரில் ஊறப்போட்டு மேலே வைத்தேன். என் சீவியத்தில் ஒரு சரக்கை அவ்வளவு கவனமாக நான் கட்டியதில்லை.

மற்ற ஆறையும் திரும்பக் கொண்டுபோய், கம்பி கட்டியிருந்த கிடங்கின் அடியில் வடகிழக்கு மூலையில் இறக்கினேன். மறுநாள் கொங்கிறீற் லொறிகள் வந்தன. காற்றாலை அடித்தளத்தை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், நிறுத்தினால் வெடிக்கும். நிறுத்தவில்லை.

பெட்டியை அவளிடம் கொண்டுபோனபோது அவள் வலை தைத்துக்கொண்டிருந்தாள். கதையைத் தயாராக வைத்திருந்தேன். முந்தி அந்தப் பக்கம் வேலை செய்த ஒருவன் மனச்சாட்சி உறுத்தி இடத்தைக் காட்டினான், நான் சத்தமில்லாமல் எடுத்து வந்தேன், கோட்டுக்குச் சொன்னால் இலக்கம் போட்டு அலுமாரியில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள், நீயே பங்குச் சுவாமியிடம் சொல்லி அடக்கம் செய்.

அவள் கேட்டது ஒன்றுதான். “அவரெண்டு எப்பிடி அண்ணை தெரியும்?”

செபமாலையைக் காட்டினேன்.

அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. வேட்டியை விலக்கி, உள்ளே கையை விட்டு, இடது முழங்காலிலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். பிறகு வலது காலையும் அப்படியே. தடவுகிறாள், ஆசை தீரத் தடவட்டும் என்று நான் முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றேன். மரியாதைக்காக.

துணியை மூடிவிட்டு, “ஓம் அண்ணை,” என்றாள். “நாளைக்கு ஒப்பம் வைக்கிறன். இண்டைக்கு இவர் என்னோடை இருக்கட்டும்.”

அழவில்லை. பேரம் படிந்த முகம் என்று நினைத்தேன். மனேஜருக்கு முடிவைச் சொன்னேன். அவன் விவரம் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி நீதவானிடம் போயிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர் பெட்டியை மேல் தட்டில் வைக்கச் சொன்னதற்கு, இல்லை, இவர் மடியிலேயே வரட்டும் என்றாளாம். எட்டு மாதம் என்னை அண்ணை என்று கூப்பிட்டவள். ஒப்பம் வைக்கிறேன் என்று வாயால் சொன்னவள். சந்தையில் சொன்ன சொல்லை மாற்றியவனிடம் அதற்குப் பிறகு ஒருவரும் சரக்குப் போடுவதில்லை. இந்த விசயத்தில் ஏமாற்றியது யார் என்பதை நீங்கள் ஒருமுறை ஆறுதலாக யோசித்துப் பாருங்கள்.

நேற்று உங்கள் நிலைய விறாந்தையில் அவள் என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள், கதிரையை விட்டு எழும்பினீர்கள். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“பெட்டியிலை வந்தவர் ஆரோ ஒரு தாயின்ரை பிள்ளை. தேடுற ஆக்கள் வருமட்டும் அவருக்கு நான் மெழுகுதிரி கொளுத்துவன். அது உங்கடை கவலை இல்லை. நான் கேக்கிறது வேறை அண்ணை. எட்டு மாசம் வந்து இருந்தனீங்கள். அவரின்ரை கால் காத்துச் சொல்லும் எண்டு எத்தினை தரம் சொன்னனான். ஏன் சொல்லும் எண்டு ஒருநாள் கேட்டனீங்களே?”

பிறகு அவளே சொன்னாள்.

“தொண்ணூத்தஞ்சுச் சண்டையிலை செல் விழுந்து முறிஞ்ச கால். பெரியாசுப்பத்திரியிலை தகடு வைச்சவை. காத்து மாறேக்கை அந்தத் தகடு குத்தும். அவ்வளவுதான் அண்ணை கதை.”

இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வியாபாரத்தில் பழகிய முகம் என்னுடையது. ஆனால் எங்கேயோ ஒரு தசை அசைந்திருக்க வேண்டும். அவள் கண்டுவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தை நீங்களும் கேட்டீர்கள், எழுத வேண்டியதில்லை.

அதனால் நேற்றுச் சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன். தகடு வைத்த கால் வடகிழக்கு மூலையில், மேலிருந்து மூன்று மீற்றர் ஆழத்தில், சிவப்பு நூல் கட்டிய சாக்கில் இருக்கிறது. என் கையால் இறக்கியது. நானூறு கன மீற்றர் கொங்கிறீற்றை உடைத்தால்தான் எடுக்கலாம். உடைக்கக் கூடாது என்று கம்பெனி தடையுத்தரவு கேட்டு மனுப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல சட்டத்தரணி பிடித்திருக்கிறார்கள்.

கணக்கை முடித்துவிடுவோம். வந்தது ஏழு. கொடுத்தது ஒன்று, அதுவும் திரும்பி வந்துவிட்டது. கழிவு ஆறு. பத்துக்கு ஒன்று என்ற வழக்கத்தை நான் மீறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன், அதற்கு என்ன தண்டனையோ போடுங்கள். ஆனால் அவளுக்கு நான் கொடுத்தது இருந்ததிலேயே நல்லது. சேதமானதுதான் தனக்கு வேண்டும் என்றால் அவள் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு நான் தரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை.